பை பார்க்கிற முறை

ஞாயிறு காலை ஆறே முக்கால்.
சின்ன ஊறணியில் எங்கள் சேர்ச் கேற்றடியில்
ஒரு பிளாஸ்டிக் மேசை, ஒரு கதிரை.
ஆண்களுக்கு மோசேஸ் அண்ணன்,
பெண்களுக்கு நான்.

அந்த ஏப்ரலுக்குப் பிறகு
வாசலில் நிற்க ஆள் வேண்டுமென்று போதகர் கேட்டபோது
நானாகக் கை உயர்த்தவில்லை.
பக்கத்திலிருந்த டெல்றின்தான்
என் முழங்கையைப் பிடித்து உயர்த்திவிட்டாள்.
ஆண்டவர் இப்படியும் அழைப்பார் போல.

முதல் கிழமை ஒவ்வொரு சிப்பையும்
விரல் நடுங்கித்தான் இழுத்தேன்.
"மன்னிச்சுக்கொள்ளுங்க அக்கா" என்று
ஐம்பது பேரிடம் சொல்லியிருப்பேன்,
வானத்தைப் பார்த்து ஒரு வார்த்தை வரவில்லை.
மூன்று வருஷத்துக்கு முன்
மைக்கைப் பிடித்துக்கொண்டு
என் விசுவாசம் கல்லென்று சாட்சி சொன்னவள்தான்.
அன்று வாசலில் காவல் இல்லை,
கேற்றுக்குப் பூட்டும் இல்லை.

பைகளுக்குள் என்ன இருக்கும்?
வேதப்புத்தகம், குடை,
பிள்ளை அழுதால் கொடுக்க மாரி பிஸ்கட்.
மடித்து மடித்து நைந்துபோன அடகுத் துண்டு.
பெரியாஸ்பத்திரிக் கிளினிக் கொப்பி,
அதன் நடுவே வீட்டில் யாருக்கும் காட்டாத ஸ்கேன்.
தேவமலர் அக்கா மட்டும்
நான் கேட்குமுன்னே ஒன்றை எடுத்து மேசையில் வைப்பா:
கடலுக்குப் போய்த் திரும்பாதவரின் அடையாள அட்டை.
"இவரும் வந்திருக்கார், பதிஞ்சுகொள்ளுங்க."

கார்த்திகையில் ஒரு ஞாயிறு,
இரவு முழுக்கப் பெய்து, வாவி ரோட்டுக்கு ஏறியிருந்தது.
கல்முனை பஸ்ஸால் இறங்கி ஒருத்தி வந்தாள்.
யாருக்கும் தெரியாத முகம்.
தோளை இழுக்கிற பாரத்தில் ஒரு பயணப் பை.
மேசையில் வைத்தபோது
'ணங்' என்றது.

மோசேஸ் அண்ணன் மூன்றடி பின்னால் போனார்.
அவரைக் குறை சொல்லமாட்டேன்,
என் கால்களும் அங்கேதான் போகப் பார்த்தன.
உள்ளே முதல் பாட்டு தொடங்கிவிட்டது.
இடப்பக்க அறையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள்
நாற்பத்தொரு பேர்.
காலையில்தான் எண்ணியிருந்தேன்.

சிப் பாதியில் சிக்கியது.
சின்ன வயதில் பரிசு வாங்கப் பாடமாக்கிய வசனங்களில்
ஒன்றாவது வரவேண்டுமே, வரவில்லை.
"அப்பா" என்றேன். அவ்வளவுதான்.
கரண்ட் போன இரவில்
கிணற்றடிக்குப் போகிற பிள்ளை
பின்னால் ஆள் நிற்கிறதா என்று கூப்பிட்டுப் பார்ப்பதுபோல.

பிறகு கையை விட்டேன்.
ஈரம். துணி. இருட்டு.
அந்த இருட்டுக்குள் எனக்கு முன்னமே
ஒரு கை இருந்ததுபோல் பட்டது,
உள்ளங்கை நடுவில் பழைய தழும்போடு.
இப்போதும் அதை யாரிடமும் சொல்ல வெட்கம்.

குளிர்ந்த இரும்பு. உருண்டை. ஒரு கைபிடி.
பிரஷர் குக்கர்.
அதற்குள் சுருட்டி வைத்த ஸ்கூல் சட்டை இரண்டு,
பிறப்புச் சான்றிதழ் ஒன்று.

"விடியமுன்னம் வெளிக்கிட்டுட்டன் தங்கச்சி.
இது என்ட காசில வாங்கினது.
அந்தாளுக்கிட்ட விட்டுட்டு வர மனம் கேக்கல்ல."
அவளுடைய இடது கண் வீங்கியிருந்ததை
அப்போதுதான் பார்த்தேன்.
இவ்வளவு நேரமும் பையைத்தானே பார்த்தேன்.

"நான் வேதக்காரி இல்ல. உள்ளுக்கு இருக்கலாமா?"

தொண்டை அடைத்தது.
பையை எடுத்து மேசைக்குக் கீழே வைத்து
"நீங்க போங்க, இதை நான் பார்த்துக்கொள்றன்" என்றேன்.
ஆராதனை முடியும்வரை
அந்தக் குக்கர் என் காலில் முட்டிக்கொண்டிருந்தது.

இப்ப பயம் விட்டுட்டுதா என்று டெல்றின் கேட்கிறாள்.
எங்கே விட?
ஞாயிறுகளில் எனக்கு முன்னமே வந்து
அது என் கதிரையில் இருக்கிறது.
எழும்பச் சொல்லிவிட்டு
நான் இருக்கிறேன்.